எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறவர்

வெள்ளை எலியை மல்லாக்கப் போட்டு, அதன் வயிற்றில் இரண்டு விரலால் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருக்கிறார். எலி காலை உதைத்துத் துள்ளுகிறது. விட்டால் ஓடிப்போகவில்லை, விரலைத் துரத்திக்கொண்டு வந்து மறுபடியும் மல்லாந்து விழுகிறது. அவர் முகத்தில் மட்டும் ஒரு சலனம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் கறந்த பால் கறந்த இடத்திலேயே திரிந்துவிடும்.

"சிரிக்குது தம்பி. நம்ம காதுக்குக் கேக்காது, மெஷின்ல போட்டாத்தான் கேக்கும்" என்கிறார், துக்கம் சொல்ல வந்தவர் குரலில்.

இதற்குச் சம்பளம் தருகிறார்கள்! அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏசி ரிப்பேர் பார்க்கப் போகிற எனக்கு இதை நம்பவே ஒரு வருஷம் ஆயிற்று. அங்கே எல்லோருக்கும் அவர் கிச்சுகிச்சு அண்ணன்.

எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவனைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. "உன்னைக் காலைப் புடிச்சுத் தலைகீழா தூக்கிட்டு, சௌக்கியமான்னு கேட்டா எப்படிடா இருக்கும்?" என்பார். அவர் இரண்டு கையையும் கிண்ணம் போலக் குவித்துக் கூண்டுக்குள் வைப்பார். எலி தானாக ஏறிக்கொள்ளும். சிலது அதிலேயே தூங்கிவிடும். அந்த நேரம் அவருக்கு மூக்கு அரித்தால் நான்தான் போய்ச் சொறிந்துவிட வேண்டும்.

பயந்த எலியின் உடம்பில், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி ஒரு சரக்கை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். பேர் கார்ட்டிகோஸ்டிரோன். கூட்ஸ் வண்டி நீளத்துக்குப் பேர். அதைப் பற்றி அங்கே ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள்.

"கொஞ்ச நேரம் சுரந்தா நல்லதுதான், உசுரு தப்பிச்சு ஓடலாம். ஓயாம சுரந்தாத்தான் வம்பு. மூளையில ஞாபகம் வெச்சுக்கிற இடத்துல நரம்புக் கிளையெல்லாம் சுருங்கிடும். பயப்படுற இடத்துல செழிச்சு வளரும். போன வழி மறந்துடும். வெட்டவெளிக்கே வராது, மூலையில ஒண்டிக்கும். சர்க்கரைத் தண்ணி வெச்சாக்கூட ஆசையா குடிக்காது" என்று சொன்னாள்.

"அம்மாடி, அச்சு அசல் எங்க மச்சான்!" என்றேன். அவள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

ஒரு கூட்டம் எலிகளைத் தினமும் கொஞ்ச நேரம் குறுகலான குழாய்க்குள் அடைத்து மிரட்டுவாள். இன்னொரு கூட்டம் சொகுசாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவள் படிப்பு. சொகுசுக் கூட்டம் அண்ணன் பொறுப்பு. சுரந்த சரக்கின் அளவு புழுக்கையிலேயே தெரிந்துவிடும் என்பதால், தினமும் அவள் எலிப் புழுக்கையை முத்துக் குளிக்கிறவள் போலப் பொறுக்கிக்கொண்டு போவாள்.

போன தடவை வந்த சொகுசு எலிகள் அவர் கைக்கு வரச் சுணங்கின. "நீதான் குளிரைக் கூட்டித் தொலைச்சிருக்க" என்று என்னைத் திட்டினார். ஒருநாள் அந்தப் பெண் கண் சிவந்து வந்து நின்றாள். "சொகுசுலயும் எகிறிப்போச்சுண்ணே. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்தா நான் எதைத்தான் எழுதறது?"

முதல் சந்தேகம் என் மேல்தான். ஆம்பிளை வியர்வை வாடைக்கே எலி மிரளுமாம். அந்த அறைக்கு வந்துபோகிறவர்கள் எல்லோருடைய சட்டையிலும் ஒரு துண்டு வெட்டி, ஒவ்வொன்றாக எலிப் பெட்டியின் மூலையில் வைத்தாள். என் துண்டைக் கொஞ்சம் தயங்கி மோந்து பார்த்த எலி ஒன்று, அதன் மேலேயே ஒன்றுக்குப் போனது. அண்ணன் என்னைத் திருப்தியாகப் பார்த்தார்.

அடுத்து அவர் துண்டு. எலிகள் அப்படியே உறைந்துவிட்டன. ஒன்று எதிர் மூலைக்குப் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் குனிந்து, "டேய்... நான்தான்டா" என்றார். ஒன்றும் அசையவில்லை.

"அண்ணே, வீட்டுல பூனை வளக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"நான் எங்கம்மா வளத்தேன்? அதா வந்து மேல படுத்துக்குது."

விஷயம் இதுதான். அண்ணன் வீட்டில் எலித்தொல்லை! அண்ணியின் நல்ல புடவையை எலி கடித்துவிட, கொஞ்ச நாள் முன்னால் அண்ணி ஒரு பூனை கொண்டுவந்துவிட்டார். அந்தப் பூனை ஒரு எலியையும் பிடித்ததில்லை. பொழுது சாய்ந்தால் அண்ணன் தொந்தி, அவ்வளவுதான் அதற்கு உலகம்.

அடுத்த கூட்டமும் இப்படியே மிரண்டால் எலி அறைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"ஏங்க, வேலைக்குன்னு வந்துட்டுத் தூங்குது, அதானே அது பண்ண தப்பு?" என்றார் அண்ணி. "அதுக்காக வெளிய அனுப்பணும்னா ஞாயித்துக்கிழமையில உங்களையில்ல மொதல்ல அனுப்பணும்?"

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று அண்ணன் ஒத்துக்கொண்ட வேகம் இருக்கிறதே, மின்சாரம்கூட அந்த வேகத்தில் பாயாது.

அன்றிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்திலேயே வாசனையில்லாத சோப்புப் போட்டுக் குளியல். அங்கேயே துவைத்த சட்டை. "மத்ததெல்லாம் குளிச்சா போயிடும். எலி வந்து படுக்கிறது உங்க கையிலண்ணே, அதால மட்டும் பூனையைத் தொட்டுடாதீங்க" என்று அந்தப் பெண் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். வீட்டில் இவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். வெளியே பூனை பிறாண்டியது. உள்ளேயும் வெளியேயும் கேட்ட புலம்பலில் அண்ணிக்குத்தான் தூக்கம் போயிற்று.

புது எலிகள் வந்தன. குவித்த கையை உள்ளே வைத்தார். ஒன்றும் வரவில்லை. கையை எடுக்காமல் சிலையாக நின்றார். கடைசியில் ஒரு பொடிசு முன்னங்காலை அவர் சுண்டுவிரல் மேல் வைத்து, மீசையை ஆட்டி ஆட்டி மோந்தது. பிறகு ஏறி உள்ளங்கையில் உட்கார்ந்தது. அண்ணன் மூச்சு விடவில்லை. எனக்கென்ன வந்தது, நானும் விடவில்லை.

நேற்று அந்தப் பெண் ஓடிவந்தாள். "அண்ணே, சொகுசுல எறங்கிடுச்சு! பாதிகூட இல்ல!"

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அண்ணியிடம் சேதி சொல்ல அவரோடு போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்ததுதான் தாமதம், அலமாரி மேலிருந்து பொத்தென்று குதித்தது பூனை. முழங்கால் வழியாக ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, தொந்தியில் சுருண்டுகொண்டது.

"எறக்கி விடுங்க! கெட்டுச்சு போங்க!" என்று கத்தினார் அண்ணி.

அண்ணன் இறக்கிவிடவில்லை. போலீஸ் துப்பாக்கி நீட்டியதுபோல, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு, அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.