சென்னம்மா ஏறினால் இறுகும் சக்கரம்

சென்னம்மாவைச் சைக்கிளில் உட்காரவைத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நாகையாவுக்கு மூச்சு வாங்கியது. மனைவிக்குக் காசநோய், வாரம் இருமுறை ஊசி. பாலசமுத்திரம் பக்கத்தில் கிணறு வெட்டிப் பிழைப்பவன் அவன். அவன் கடப்பாரையை இறக்கினால் பாறை பிளக்கும். அப்பேர்ப்பட்டவன் ஒரு சின்ன மேட்டில் இரைத்தான். நோய் தனக்கும் ஒட்டிக்கொண்டது என்றே முடிவு கட்டிவிட்டான். "நீயும் ஒரு நெஞ்சுப் படம் எடுத்துக்கோ" என்று டாக்டர் சொன்னபோதெல்லாம் நழுவினான். இருவரும் படுத்துவிட்டால் யார் மிதிப்பது?

வண்டி யாரோ ஓட்டித் தேய்த்த பழசு. ஒரு சந்தேகத்துக்கு, ஆஸ்பத்திரி எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த சிட்டிபாபுவிடம் காட்டினான். அவன் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டான்.

"ஏமி லேதன்னா, ஒண்ணுமில்ல. பம்பரம் கணக்கா சுத்துது பாரு. உனக்குத்தான் காத்து எறங்கிப்போச்சி."

எல்லை பிரிக்கும்போது தங்கள் ஊர் ஆந்திராவோடு நிற்குமா, மதராஸுக்குப் போகுமா என்று காலையிலிருந்து அங்கே மல்லுக்கு நின்றவர்கள்கூட அதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அப்படியென்றால் கோளாறு தன் நெஞ்சில்தான் என்று நாகையா எண்ணிக்கொண்டான்.

சென்னம்மா சிரிக்கவில்லை. சேலை ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். கரியாக ரப்பர்த்தூள் அப்பியிருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துச்சி, தம்பி? வெறும் வண்டிய சுத்தினா இன்னா தெரியும்? நான் ஏறி உக்காந்துக்கினு, அவரு மெதிக்கச்சொல்ல குனிஞ்சி பாரு."

ஏறினாள். நாகையா மிதித்தான். சிட்டிபாபு பக்கத்திலேயே குனிந்து ஓடினான். பெடலை அழுத்தும்போதெல்லாம் சங்கிலி வலப்பக்க அச்சை முன்னால் இழுத்தது. சக்கரம் கோணி, டயர் சட்டத்தின் இடப்பக்கக் கம்பியில் உராய்ந்தது. பிரித்துப் பார்த்தால், அச்சு வளைந்து, நட்டின் மரையும் தேய்ந்திருந்தது.

"தப்பு நாதே அக்கா, என்னுதுதான்" என்றவன் வேறு அச்சு போட்டான். டயருக்கும் கம்பிக்கும் நடுவே இரு பக்கமும் ஒரு விரல் நுழையும்படி சக்கரத்தை நிறுத்தி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினான். மறுபடி அவளை ஏறச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டான்.

"உனக்கு ஒண்ணும் இல்ல, மாமா" என்றாள் சென்னம்மா, ஊர் திரும்பும் வழியில். "இத்தினி நாளா பயந்துக்கினு கெடந்தியே, எனக்குத் தெரியாதா?"

அந்த மேடு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். சைக்கிள் சிரமமே இல்லாமல் ஏறியது. மூச்சு சீராக இருந்தது. நெஞ்சு குளிர்ந்தது.

பாதி மேட்டில் கால் தயங்கியது. பின்னால் ஆள் இருக்கிற பாரமே தெரியவில்லை.

"சென்னம்மா!"

"இன்னாத்துக்குக் கத்தறே? இங்கதான் கீறேன்."

"கெட்டியா புடிச்சிக்கோ."

இடுப்பைப் பிடித்தாள். பிடித்ததே தெரியவில்லை. இத்தனை நாள் டயர் இழுத்த இழுப்பை அவள் பாரம் என்றே எண்ணி மிதித்திருக்கிறான்.

இறங்கி, வண்டியைச் சித்தூர்ப் பக்கமே திருப்பினான்.

"எங்க போறே?"

"டாக்டராண்ட. உன்ன எட போட்டுப் பாக்கச் சொல்லணும்."

சென்னம்மா, முழங்கை வரை நழுவிப்போயிருந்த வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டுக்கொண்டாள்.