இரண்டு பேருக்கு ஒரு வரி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் வங்கியும் இன்னொரு வங்கியும் ஒன்றாயின. இரண்டும் சிறிய பிராந்திய வங்கிகள். உண்மையில் சேர்ந்தவை அவற்றின் தாய்க் கம்பனிகள். வந்த சுற்றறிக்கை அதைத் திருமணம் என்று வர்ணித்தது. சீதனமாக யார் யாரைக் கொடுக்கப்போகிறார்கள் என்பது பத்தாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

நான் ஹென்டர்சன் கிளையின் மேல்மாடியில் நடைமுறைக் கையேடு எழுதுபவன். ஒரு காசோலை தொலைந்தால் யாருக்கு, எந்தப் படிவத்தில், எத்தனை பிரதியில் அறிவிப்பது என்று சொல்லும் புத்தகம் அது. அதை முழுதாக வாசித்தவனும் நான் ஒருவன்தான். மற்ற வங்கியிலும் அப்படி ஒருவர் இருந்தார், நகரத்தின் மறுகோடியில், மனுகாவில். சென்னைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சேர்ந்த வங்கிக்கு ஒரு கையேடு போதும். ஒரு கையேட்டுக்கு ஓர் ஆள் போதும். ஐம்பத்திரண்டு வயதில், வந்து குடியேறிய இந்த ஊரில் வேறு வேலை தேடுவது எப்படி என்று என் கையேட்டில் இல்லை. அவருக்கோ மனைவி ஆறு மாதக் கர்ப்பம், தகனினியில் புது வீடு.

முடிவு வெள்ளிக்கிழமைக்குள் கடிதமாக வரும் என்றார்கள். வெள்ளி மத்தியானம் வந்தது. வேலை உறுதி. நான் கதிரையில் சாய்வதற்குள் தொலைபேசி அடித்தது. மனுகாவிலிருந்து அவர்தான்.

"சார், வாழ்த்து சொல்லவா, வாங்கிக்கவா?"

"ஏன் தம்பி, உமக்கும் வந்ததோ?"

"ஆமா சார். மேல என் பேருதான் போட்டிருக்கு."

"என்ர கடிதத்திலயும் அதே பேர்தான். என்ர பேர்."

விஷயம் இதுதான். அவர் பெயர் என் அப்பாவின் பெயர். என் பெயர் அவர் அப்பாவின் பெயர். எங்கள் வங்கி சொந்தப் பெயரை முன்னால் எழுதும். அவர்கள் வங்கி குடும்பப் பெயரை முன்னால் எழுதும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது, அந்தக் கட்டத்தில் அப்பாதான் போய் உட்கார்ந்திருந்தார். இரண்டு பட்டியலையும் சேர்த்தபோது ஓரெழுத்தும் பிசகாமல் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தது. யாரோ ஒரு சுறுசுறுப்பானவர் ஒன்றை நீக்கிவிட்டு, பிரதியை இரண்டு விலாசத்துக்கும் அனுப்பியிருக்கிறார்.

"அப்போ இது யாரு சார்?"

"எங்கட முறைப்படி நான். உங்கட முறைப்படி நீர்."

"எந்த முறை சரின்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"கையேடு எழுதப்போறவர்."

நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க சார். வீட்ல சொல்லிட்டேன். பாயசம் வைக்கிறாங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இணைப்பு விதிகளை வாசித்தேன். ஒருவரை நிறுத்துவதானால் குறித்த நாளுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். குறித்த நாள் அந்த வெள்ளிக்கிழமைதான். எங்கள் இருவரில் எவருக்கும் அப்படி அறிவிக்கவில்லை. இனி நிறுத்துவதென்றால் ஆலோசனைக் கூட்டங்கள் உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திங்கட்கிழமை இருவரும், ஆட்களை வைப்பதையும் நிறுத்துவதையும் பார்க்கும் ஆளணி மேலாளர் முன் போய் நின்றோம். அந்த அம்மா எங்களை அதற்குமுன் கண்டதில்லை.

"இரண்டு இடத்திலும் மேசை வைத்திருக்கும் ஒருவர் என்று நினைத்தேன்," என்றார். "இவ்வளவு வேலை செய்கிறவரை எப்படி விடுவது என்றுதான் உறுதி செய்தேன்."

நான் விதியை எடுத்து நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். ஆலோசனைக் கூட்டங்கள் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின.

"இரண்டு பேரும் இருங்கள்," என்றார்.

லிஃப்டில் சென்னைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், வீட்ல இப்போ ஓம்னு சொல்லிடட்டுமா?"

"ஆமாண்டு சொல்லும். பாயசம் மிச்சம் இருக்கோ?"

இருந்தது.

கையேட்டை எழுதி முடிக்க ஒரு வருடம் ஆனது. முதல் அத்தியாயம், பெயர் எழுதும் முறை. அதில் ஒரு காற்புள்ளிக்காக மூன்று வாரம் சண்டை பிடித்தோம். கையேடு ஏற்கப்பட்ட பிறகுதான் அதிலுள்ள விதிகள் செல்லும் என்பதால், கடைசிப் பக்கத்தில் இருவரும் அவரவர் பழைய முறையிலேயே பெயர் எழுதிக் கையொப்பமிட்டு, கணக்காய்வுப் பிரிவுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'தயாரித்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.'

அந்த விதியை எழுதியவன் நான்.

மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் அவர்கள் மேசை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கணக்காய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களை விரல் விட்டு எண்ணினார்.