மாமா மைக்கில் திருத்திச் சொன்ன கதை

மாமாவின் கடையில் ஒரு மைக் இருந்தது. யாரோ கல்யாண வீட்டில் கீழே போட்டதில் அதன் வாய்ப்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். எச்சில் தெறிக்கக் கூடாதென்று அதன் தலையில் ஒரு கட்டம்போட்ட கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார். மாமா என்றால் என் அக்காள் கணவர். செஞ்சி பஜாரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எண்பதுகளில் எல்லோருக்கும் வீடியோ பைத்தியம் பிடித்தபோது, அவரும் ஒரு கலர் டிவியும் கேசட் போட்டுப் பார்க்கிற வீடியோ டெக்கும் வாங்கிப் போட்டார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, காரியம் என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் டெக் எடுத்துப் பார்த்த காலம் அது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் காலமான பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதும் மாமா சொல்லாமல் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, புதிதாக வந்த கேசட்டை இலவசமாகப் போட்டுக் காட்டுவார். அதுதான் அவருடைய விளம்பரம். இங்கிலீஷ் படமாக இருந்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு டிவி பக்கத்தில் நின்றுவிடுவார். அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "நம்ம ஜனத்துக்கு யாரு யாருக்கு இன்னா மொறைன்னு சொல்லிட்டா போதும்டா, கதை தானா புரிஞ்சிடும்" என்பார். ஆகவே திரையில் எவன் வந்தாலும் அவனுக்கு ஒரு உறவு கிடைத்துவிடும். துப்பாக்கியோடு துரத்துகிறவன் பங்காளி, ஓடுகிறவன் பாகம் கொடுக்காதவன். கப்பலில் அழுகிறவள் சித்தியின் கொடுமை தாங்காமல் ஊரை விட்டுப் போகிறவள். சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட இதையெல்லாம் கேட்டு நன்றாகத் தலையாட்டுவார்கள். படம் எடுத்தவன் வந்து கேட்டிருந்தால் நெஞ்சு வெடித்துச் செத்திருப்பான்.

நான் அப்போது ஊரிலேயே ஒரு ஆபீசில் குமாஸ்தா. கல்யாண வயது வந்து, அது தாண்டவும் தொடங்கியிருந்தது. எனக்குப் பெண்கள்மேல் அந்த மாதிரி ஆசை வந்ததே இல்லை. ஆண்கள்மேல்தான் வந்தது. அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒருவனை அவமானப்படுத்தக் கத்துகிற சொற்கள். அதனால் நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. உலகத்திலேயே இந்தக் கோளாறு எனக்கு ஒருவனுக்குத்தான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். மாமா அவலூர்பேட்டையில் பெண் பார்த்து முடித்திருந்தார். பெண் பார்க்கப் போனபோது அவள் தலையைத் தூக்கவில்லை. நானும்தான். வருகிற வெள்ளிக்கிழமை போய்ப் பூ வைப்பதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பிள்ளை வீட்டார் பின்வாங்கினால் ஊர் வாய் அந்தப் பெண்ணைத்தான் மெல்லும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா அதைக் கல்யாணக் கூச்சம் என்று நினைத்துச் சிரித்தாள்.

அந்த வாரம்தான் ஒரு வெள்ளைக்காரப் பெண் மாமாவின் கடைக்கு வந்தாள். செஞ்சிக் கோட்டையைப் படம் பிடிக்கப் புதுச்சேரியிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்தாள். பஜாரில் அவளைத் துரைசாணி என்றே சொன்னார்கள். கையில் ஒரு கேசட். ஊரில் அதைப் போட்டுப் பார்க்க மாமாவின் டெக்கை விட்டால் வேறு கதி இல்லை. இங்கிலீஷ் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அவள் குறும்படங்கள் எடுக்கிறவளாம். அவளும் பல நாடுகளில் இருக்கிற அவளுடைய சிநேகிதர்களும் எடுத்த சின்னச் சின்னப் படங்களை ஒரே கேசட்டில் சேர்த்து, போகிற ஊரிலெல்லாம் காட்டுகிறாளாம். ஆண்மேல் ஆசைப்படுகிற ஆண்கள், பெண்மேல் ஆசைப்படுகிற பெண்கள், அவர்களே எடுத்த படங்கள் என்று, மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். இங்கே காட்டினால் தப்பாக நினைப்பார்களா என்றும் கேட்டாள்.

"இன்னாடா சொல்றாங்க?" என்றார் மாமா.

"காதல் படங்களாம் மாமா."

"அடிதடி இல்லியா?"

"இல்ல."

"சரி வுடு, பொம்பளைங்க பாப்பாங்க. ஞாயித்துக்கெழமை போட்டுடலாம்."

நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எப்படியாவது அந்தப் படங்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறிதான் எனக்கு. நாலு பேருக்கு நடுவில் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பிவிட்டது. அவர்கள் நாட்டுக் கேசட்டுக்கும் நம் டெக்குக்கும் ஒத்துவராமல் கலர் வரவில்லை, கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. மாமா டிவி மண்டையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, இது பழைய காலத்துக் கதை என்று மைக்கில் அறிவித்துவிட்டார். முதல் படத்தில் பனி கொட்டுகிற ஊரில் இரண்டு கிழவிகள் வீட்டைக் காலி செய்துகொண்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். நடுநடுவே ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொள்வாள். "நாத்தனாருங்க" என்றார் மாமா. பக்கத்தில் பூ கட்டி விற்கிற அம்மா, "நாத்தனாருங்க இவ்ளோ ஒத்துமையா இருக்குதுங்களே, எந்த ஊருப்பா அது?" என்று வாயைப் பிளந்தாள். அடுத்ததில் ஒருவன் சேலை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு, உதட்டுச்சாயம் பூசி, சமையலறையில் தனியாக ஆடினான். கூத்தில் ஆம்பிளைகள் பெண் வேஷம் கட்டிப் பார்த்த ஜனம்தானே. "கூத்துக்காரன், ஒத்திகை பாக்கறான்" என்று மாமா சொன்னதும் எல்லோருக்கும் திருப்தி. அவனுடைய அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவள் சமையலறையிலேயே அவனே எடுத்த படம் என்று துரைசாணி என்னிடம் மெல்லச் சொன்னாள். கிழவிகளின் படத்தை எடுத்தவள் பகலில் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவளாம். எனக்கு அழுகை முட்டியது. என்னைப் போல இத்தனை நாட்டில் இத்தனை பேரா! அதிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு, தங்கள் பேரையும் போட்டுக்கொண்டு!

பிறகு அந்த மூன்றாவது படம். கடலோரத்தில் ஒரு சின்ன வீடு. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவனைவிடக் கொஞ்சம் மூத்தவன் அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறான். "அண்ணன் தம்பிங்க. அப்பன் ஆயி இல்ல. பெரியவன்தான் சின்னவன வளக்கறான்" என்றார் மாமா. பெண்கள் பக்கத்திலிருந்து உச்சுக்கொட்டும் சத்தம் வந்தது. சின்னவன் கோட்டு மாட்டிக்கொள்கிறான். சுவரில் மாட்டிய படத்தில் அவனோடு ஒரு பெண். "தம்பிக்குக் கண்ணாலம். அண்ணங்காரன் அழுறான் பாருங்க" என்றார். பெரியவன் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, சின்னவனின் உதட்டில் முத்தம் கொடுத்தான். அண்ணன் தம்பி கொடுத்துக்கொள்கிற முத்தம் இல்லை அது.

பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. மாமா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "டேய், இன்னாடா இது?"

"அவங்க அண்ணன் தம்பி இல்ல மாமா" என்றேன். அதைச் சொல்வதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. மாமா திரையைப் பார்க்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். டெக்கை நிறுத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நிறுத்தியிருந்தால், வெள்ளிக்கிழமை நான் பேசாமல் போய் அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு வந்திருப்பேன்.

மாமா மைக்கிலிருந்து கையை எடுத்தார். "மன்னிச்சிக்கோங்க, நான் மொறை மாத்தி சொல்லிட்டேன். அண்ணன் தம்பி இல்ல இவங்க. ஒருத்தர்மேல ஒருத்தர் ஆசப்பட்டு ஒண்ணா இருக்கறவங்க. இப்ப சின்னவனுக்கு வேற எடத்துல பொண்ணு பாத்துட்டாங்க. வெளிய சொல்ல பயம். அதான் கதை" என்றார். குரலில் கிண்டல் இல்லை. பாகப்பிரிவினையைச் சொல்கிற அதே குரல்தான்.

விசிலடித்தவன் மறுபடி வாயில் விரல் வைத்தபோது பூக்கார அம்மா திரும்பிப் பாய்ந்தாள். "வாய மூட்றா! அந்தப் பொண்ண நெனச்சிப் பாத்தியா? இவன் மனசு இங்க கெடக்குது, அவ தலைல கொண்டும்போய்க் கட்றாங்களே, அவ இன்னா பாவம் பண்ணா?" என்றாள். அத்தனை நாளும் நான் என்னை நினைத்துத்தான் சோறு இறங்காமல் இருந்தேன். அவலூர்பேட்டைப் பெண் எனக்கு வெறும் தலை குனிந்த ஒரு உருவமாகத்தான் இருந்தாள்.

படத்தில் சின்னவன் கல்யாணத்துக்கு மாதா கோவிலுக்குள் போக, கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான் படம். "அய்ய, இதுக்கா எடுத்தாங்க?" என்று பூக்கார அம்மா கோபித்துக்கொண்டாள். துரைசாணிக்கு அதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். படத்தை எடுத்தவனே அந்தச் சின்னவன்தானாம். நிஜத்தில் அவன் கோவில் வாசலிலேயே திரும்பி வந்துவிட்டானாம். திரும்பாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் இப்படி எடுத்தானாம். நான் மாமாவிடம் சொல்ல, மாமா மைக்கில் கத்தினார்: "நெஜத்துல திரும்பிட்டானாம்! ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கறாங்களாம்!" பெண்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. பூக்கார அம்மா, "அப்பாடா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு மாமா கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கெழமை பூ வைக்கப் போவ வேணாம் மாமா" என்றேன்.

"அந்தச் சின்னவனாட்டமா?"

"ஆமாம் மாமா."

கேசட் சுற்றி முடிந்து டெக் தானாக நின்றதும் எழுந்துபோய்க் கேசட்டை உறையில் போட்டார். பிறகு, "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியலடா. டென்ஷனா இருக்குது. ஆனா தெரிஞ்சும் ஒரு பொண்ணக் கொண்டாந்து வூட்ல வெச்சி அழ வைக்க என்னால ஆவாது. உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காத" என்றார். அக்கா அழுதாள், கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, பேசாமலே சோறு போட்டாள். எனக்கு அந்தச் சோறு நன்றாக இறங்கியது. வெட்கமில்லாமல் இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளே மாமா பஸ் ஏறி அவலூர்பேட்டைக்குப் போனார். பெண்ணின் அப்பா தெருவே கூடும்படி கத்தினாராம். பையனுக்குக் கல்யாணம் ஒத்துவராது, தப்பு முழுக்க எங்கள் பக்கம்தான், பெண்மேல் ஒரு குறையும் இல்லை என்று, அந்தத் தெருவே கேட்கிற மாதிரி மாமாவும் உரக்கச் சொல்லிவிட்டு வந்தாராம். அன்றைக்கு அவரிடம் மைக் இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

மாமா இப்போது இல்லை. நான் சென்னைக்கு வந்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் சிலர் சேர்ந்து, பல நாட்டுக்காரர்களும் நம் பிள்ளைகளும் எடுத்த இந்த மாதிரிக் குறும்படங்களைத் திரையிடுகிறோம். படத்துக்குக் கீழே தமிழில் வசனம் எழுதிப் போடுவது என் பொறுப்பு. படம் எடுத்தவர்கள் மேடையில் வந்து நின்று, தாங்கள் யார் என்று தயங்காமல் சொல்வார்கள். அங்கே யாரும் விசிலடிப்பதில்லை, அப்படியே அடித்தாலும் அது சந்தோஷத்தில் அடிப்பதுதான்.

சில வருஷங்களுக்கு முன், அக்காவைப் பார்க்கப் போனபோது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, தோளில் பை. பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். தலையை நன்றாக நிமிர்த்தித்தான் பேசினார். அவலூர்பேட்டை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஆள் தெரிந்தது. எத்தனையோ வருஷமாக அவருக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த மன்னிப்பை எப்படியோ சொல்லி முடித்தேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "அய்ய, அதெல்லாம் ஒண்ணும் வேணாம். எனக்கு டீச்சர் ட்ரெய்னிங் சேரணும்னு ஆச. நைனாகிட்ட சொல்ல பயந்துனு இருந்தேன். உங்க மாமா வந்து வாசல்ல நின்னு சொல்றாரு, எங்க நைனா கத்தறாரு. நான் உள்ள ஓடிப்போயி சாமி படத்துக்குக் கற்பூரம் ஏத்தினேன்" என்றார்.