கொட்டாஞ்சேனையின் சிவப்புச் சட்டைக்காரர்கள்

நேற்று முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். "அம்மா, வீடு முழுக்க ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது" என்றாள் மகள். எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. ராக் பாட்டுத்தான் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறினால் எங்கேயோ ஒரு எலக்ட்ரிக் கிற்றாரைச் சுருதி சேர்க்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

போரால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடந்த காலம் அது. நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் ரைப்பிஸ்ற். வெள்ளவத்தையில் நான் இருந்த அறையை, மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். அலுவலகத்தில் யாரோ சொல்லி, கொட்டாஞ்சேனையில் ஸ்டானி அங்கிள் வீட்டு மேல்மாடிக்குக் குடிவந்தேன். அவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், மனைவி பிலோ அன்ரி நன்றாகச் சமைப்பார் என்றும் சொன்னார்கள். மற்றதை யாரும் சொல்லவில்லை.

வந்த முதல் சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் கட்டில் அதிர்ந்தது. குண்டு என்றுதான் நினைத்தேன், காலம் அப்படி. செருப்பும் போடாமல் கீழே ஓடி வந்தால், ஹோலில் மூன்று கிழவர்கள். ஒருவர் கிற்றாரோடு, ஒருவர் பேஸ் கிற்றாரோடு, ஒருவர் ட்ரம்ஸுக்குப் பின்னால். மூவர் முழங்காலிலும் தைலம் பளபளத்தது.

"என்ன பிள்ளை, பயந்திட்டீரோ?" என்றார் ஸ்டானி அங்கிள். "நாங்கள் இன்னும் சரியாத் தொடங்கவே இல்லை."

கிழவர்கள் என்று எழுதிவிட்டேன். அவர்களுக்கு அப்போது அறுபதுக்குச் சற்று மேலே. நான் இப்போது அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதால் அந்தச் சொல்லை மரியாதையாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ட்ரம்ஸ் அடிப்பவர் மன்சூர் நானா. ஆமர் வீதியில் ஆணி, பூட்டு விற்கும் கடை வைத்திருந்தார். பேஸ் வாசிப்பவர் பெர்ட்டி அங்கிள், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். கல்கிசையிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, கிற்றாரைக் கட்டில் விரிப்பில் சுற்றிக்கொண்டு வருவார். வழியில் எத்தனை சோதனைச் சாவடி இருந்ததோ அத்தனை தடவை அந்த விரிப்பை அவிழ்த்துக் கட்ட வேண்டும். பாண்டுக்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் இருந்தது. பெரிய ட்ரம்மின் முகத்தில் ஒட்டியிருந்த எழுத்துகளில் பாதி உதிர்ந்துபோனதால் நான் அதை முழுதாக வாசித்ததே இல்லை. இருபது வயதில் மூவரும் சேர்ந்தார்களாம். பிறகு நாட்டில் என்னென்னவோ நடந்தது. சனிக்கிழமைப் பயிற்சி மட்டும் நிற்கவில்லை.

நான் ஏழு வருஷம் வீணை படித்து வர்ணத்தைத் தாண்டாதவள். ஆனால் கர்வத்துக்குக் குறைவில்லை. என்னுடையது சங்கீதம், அவர்களுடையது சத்தம் என்று அலுவலகத்தில் சொல்லித் திரிந்தேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒருநாள் ஸ்டானி அங்கிள் பழைய கொப்பி ஒன்றோடு வந்து நின்றார். இங்கிலீஷ்ப் பாட்டு வரிகள் மறக்கின்றன, மேடையில் கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும், ஆகவே பெரிய எழுத்தில் ரைப் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். தலை முழுவதும் நரைத்திருந்த மனிதர் அதைச் சொன்னார். நானும் மதிய இடைவேளைகளில், எல்லாம் கப்பிற்றல் எழுத்தில், வரிக்கு வரி நிறைய இடம் விட்டு அடித்துக் கொடுத்தேன்.

மூன்று மாதமாக அவர்களை ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு வத்தளையில் ஒரு கல்யாண வரவேற்பு கிடைத்தது. ஊரடங்குப் பயத்தில் எல்லாரும் பகலிலேயே கொண்டாடி முடித்த நாட்கள் அவை. அன்று காலை ஒன்பது மணிக்கே மூவரும் சிவப்புப் பட்டுச் சட்டையும் அகலமான பெல்ற்றுமாக வாசலில் நின்றார்கள். வாடகை வானில் ட்ரம்ஸ் ஏற்றியாகிவிட்டது. நான் கடைசிப் பாட்டின் தாள்களை எடுத்துவர மேலே போனேன். அந்த நேரம் பொலிஸார் வீதியைச் சுற்றி வளைத்து வீடு வீடாக வந்தார்கள்.

என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் இன்னும் வெள்ளவத்தை விலாசம். நாளைக்கு மாற்றலாம் என்று மாதக்கணக்கில் சோம்பலில் கடத்தியது நான்தான். போதாததற்குக் கையில் ஏழு தாள்கள், முழுவதும் கப்பிற்றல் எழுத்தில், தீ, புயல், கிளம்பு, எல்லையைக் கடப்போம் என்றெல்லாம் எழுதியபடி. பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஜீப்பில் ஏறச் சொன்னார்.

பொலிஸ் நிலைய மர வாங்கில் என்னை இருத்திய கொஞ்ச நேரத்தில், ட்ரம்ஸ் ஏற்றிய வான் வாசலில் வந்து நின்றது. மூன்று சிவப்புச் சட்டைகளும் இறங்கின. மன்சூர் நானா நேரே சார்ஜனிடம் போய், "மே அபே லமயா, மஹத்தயா" என்றார். சிங்களத்தில், இது எங்கள் பிள்ளை, ஐயா. பொறுப்பதிகாரி வந்தால்தான் எதுவும் பேசலாம் என்றார் சார்ஜன். மூவரும் என்னோடு வாங்கில் உட்கார்ந்தார்கள்.

"பயப்பட வாணாம் மகள். நாங்க ஈக்கிறோம் தானே," என்றார் மன்சூர் நானா.

பதினொன்றரைக்கு மணமகளின் அண்ணன் தேடிக்கொண்டு வந்தான். "அங்கிள், ஆக்கள் வந்திட்டினம். இன்னும் அரை மணித்தியாலம்தான் பாப்பன். இல்லாட்டி வேற பாண்டைக் கூப்பிடுவன்."

"நீங்கள் போங்கோ அங்கிள். பிலோ அன்ரி வருவா," என்றேன்.

"சும்மா இரும் பிள்ளை." ஸ்டானி அங்கிள் அவனிடம் திரும்பினார். "தம்பி, நீங்கள் கேக்கை வெட்டுங்கோ. இவ வெளியில வந்தால்தான் நாங்கள் வருவம்."

"சிங்கர் இல்லாம நான் போக ஏலாது, மென்," என்றார் பெர்ட்டி அங்கிள், யாரும் கேட்காமலே.

பொறுப்பதிகாரி வந்தபோது மூன்று மணி. தாள்களை மேசையில் பரப்பி இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பாட்டு என்றார் ஸ்டானி அங்கிள். "அப்படியென்றால் பாடு."

அவர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கிற்றார் இல்லை. மன்சூர் நானா வாங்குப் பலகையில் இரண்டு விரலால் தட்டத் தொடங்க, பெர்ட்டி அங்கிள் வாயாலேயே பேஸ் போட, ஸ்டானி அங்கிள் பாடினார். எனக்காகக் கெஞ்சுகிற பாட்டல்ல அது. மேடையில் பாடுகிற மாதிரியே, தலையை நிமிர்த்தி, சுவரைத் தாண்டிக் கேட்கும்படி முழுக்குரலில் பாடினார். கான்ஸ்டபிள்கள் கதவடியில் கூடிவிட்டார்கள். அதிகாரி விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிய ஒவ்வொரு தாளையும் ஸ்டானி அங்கிள் கண்ணாடி போடாமலே பார்த்துப் பாடினார். ஏழு தாளும் முடிந்தன. அதிகாரியின் முகம் இளகவில்லை. திங்கட்கிழமை சரியான விலாசத்தோடு வா என்று என்னிடம் சொல்லிவிட்டு, தாள்களை அடுக்கி ஸ்டானி அங்கிளின் கையில் கொடுத்தார்.

வானில் ஏறிய பிறகு ஸ்டானி அங்கிளால் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துப் பருக்கினேன்.

வத்தளை மண்டபத்தில் வேறு பாண்ட் இல்லை. அந்த அவசரத்தில் யார் வருவார்கள்? இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்று பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் நாற்பது பேர் இருப்பார்கள். வாங்கில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பட்டினியாக உட்கார்ந்திருந்த மூன்று பேரும் மேடையேறி, ஒரு மணித்தியாலம் துள்ளித் துள்ளி வாசித்தார்கள். கோபமாக இருந்த அண்ணன்காரனே கடைசியில் மேசையில் ஏறி ஆடினான். அதுவரை நான் அவர்களை மேடையில் பார்த்ததில்லை. சங்கீதம், சத்தம் என்று நான் பிரித்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் ஆடினேன், பிழையாகத்தான்.

எழுபது தாண்டும்வரை அவர்கள் வாசித்தார்கள். பெர்ட்டி அங்கிள் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். மன்சூர் நானா ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கடையிலேயே சரிந்தார். ஸ்டானி அங்கிளை மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். அங்கேயும் ஒரு தேவாலய மண்டபத்தில் பாடினாராம். மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். கொட்டாஞ்சேனை வீடு இருந்த இடத்தில் இப்போது ஏழு மாடி.

இன்றைய கல்யாணங்களில் ஒரு பையன் கம்பியூட்டரோடு வந்து அந்தப் பாட்டுகளின் மூலப் பதிவையே போடுகிறான். பாடியவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டானி அங்கிள் வரியின் நடுவில் நின்று மூச்சு எடுக்கிற இடத்தில் இந்தப் பாடகர் நிற்காமல் ஓடிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு, அவர் எதையோ விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது.