பனிப்பீரங்கிகள் முழங்கிய வெள்ளிக்கிழமை

துவோவி ஹக்கராய்னன் காலையிலும் மத்தியானத்திலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் டாக்ஸி ஓட்டுவாள். மீதி நேரமெல்லாம், வட தேசத்துக் காட்டுக்குள் இருக்கும் கோர்ப்பிவாரா என்ற சிற்றூரின் பனிச்சறுக்குக் குன்று அவள் பொறுப்பு. சறுக்குவதில் அவளுக்கு ஆசையே கிடையாது. சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டினால் இரண்டடி தள்ளிப் போய் விழுவாள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் மோட்டார்கள்தான். மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிற என்சியோவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஏரித் தண்ணீரை உறிஞ்சி வெள்ளைத் தூளாகத் துப்பும் பனிப்பீரங்கி ஒன்றைப் பார்த்தாள். அன்றைக்கு விழுந்த மயக்கம், இருபத்தைந்து வருடமாகியும் தெளியவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போன குளிர்காலம் நரகமாகிவிட்டது. குன்றை நடத்தும் சங்கத்தில் மின்சார ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தபோது, பொருளாளர் இல்போ ரிஸ்ஸனன் நிலையான விலைதான் வேண்டும் என்றான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எதிலும் நிதானம். துவோவிதான் அடம்பிடித்து, மணிக்கு மணி மாறும் சந்தை விலைக்குக் கையெழுத்துப் போட வைத்தாள். கொஞ்ச நாளில் ருஷ்யா தொடுத்த போர் வந்தது. அங்கிருந்து எரிவாயு நின்றது, மின்சாரமும் நின்றது. ஜெர்மனிக்காரன் எரிவாயுவை யானை விலை கொடுத்து வாங்க, அந்த விலை கம்பி வழியாகவே ஊர்ந்து வந்ததுபோல இங்கே மின்சாரமும் எகிறியது. சில சென்ட்டுக்கு விற்ற யூனிட், முக்கால் யூரோவைத் தாண்டியது. பீரங்கிகளைத் தொடவே முடியவில்லை. குன்று குளிர்காலம் முழுக்கப் பழுப்பாகக் கிடந்தது.

“துவோவி, இன்னிக்குப் புல்லு எப்படி வழுக்குது?” என்று கடையில் கேட்பார்கள்.

“உன் நாக்கு மாதிரியே வழுக்குது,” என்பாள். ஆனால் டாக்ஸிக்குள் போய் உட்கார்ந்ததும் முகம் தொங்கிவிடும்.

அடுத்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவள், வழக்கம்போல நாளைய மின்விலையைப் போனில் பார்த்தாள். எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு இருந்தது. திரையில் ஒட்டிய அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தாள். கோடு போகவில்லை. இல்போவுக்குப் போன் போட்டாள்.

“இல்போ, நாளைக்கு விலை பாத்தியா?”

“நான் ஏன் பாக்கணும்? பாத்தா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது.”

“மைனஸ்ல இருக்குப்பா! மத்தியானத்துலேர்ந்து நடுராத்திரி வரைக்கும். நாம எடுக்கற ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரை யூரோ நமக்குத் தர்றாங்க!”

“போனக் கீழ போட்டுட்டியா?”

“ரேடியோவைப் போடு. அதையும் கீழ போட்டுட்டாங்களான்னு பாரு!”

ரேடியோவும் அதையேதான் சொன்னது. எங்கோ ஒரு நிறுவனம், தன்னிடம் இல்லாத மின்சாரத்தைச் சந்தையில் விற்பதாகத் தவறுதலாகப் பதிந்துவிட்டது. ஒரு நாட்டுக்கே கொட்டிக் கவிழ்க்கும் அளவு. அதனால் விலை தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது.

“திருத்திடுவாங்க,” என்றான் இல்போ.

“திருத்தலேன்னா?” என்று கேட்டுவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை விலை திருத்தப்படவில்லை. மைனஸ் பன்னிரண்டு டிகிரி குளிர். பனி செய்வதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது. துவோவி, என்சியோ, சங்கத்து ஆட்கள் என்று எல்லோரும் சேர்ந்து ஏரியிலிருந்து குழாய்களை இழுத்தார்கள். மத்தியானம் திரும்பியதும் அவள் பம்பின் கைப்பிடியைத் தள்ளினாள். தண்ணீர் ஏறிக் குழாய்கள் விறைத்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக இருமி, உறுமி, பிறகு ஒரே குரலில் முழங்கின. குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடும் அந்த ஊரில், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புகை எழும்பிக் குன்றின் தலையில் இறங்கியது. துவோவி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்குள் போய் நின்றாள். இமையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

“கூலி குடுத்து நம்மள விளையாடச் சொல்றாங்கடா!” என்று கத்தினாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பீரங்கிகளின் சத்தம் தொய்ந்தது. விளக்குகள் மஞ்சளாக மங்கின. பம்ப் முக்கிமுக்கி நின்றது.

என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுக்க அதே விலைதான். காசும் வருகிறது, சூடும் வருகிறது என்று வீட்டுக்கு வீடு சவுனா என்னும் நீராவிக் குளியல் அறையைக் கொதிக்க வைத்திருந்தார்கள். அடுப்பு, ஹீட்டர், கார் சார்ஜர் எல்லாம் ஓடின. காட்டுக்குள் வரும் ஒற்றைக் கம்பி அத்தனையையும் தாங்குமா? லோ வோல்டேஜ்.

“குழாயத் தூக்கிச் சாய்ங்க! தண்ணி நின்னா உறைஞ்சிடும், அப்புறம் எல்லாம் வெடிச்சுடும்!” என்று என்சியோவிடம் அலறிவிட்டு டாக்ஸியில் பாய்ந்தாள். பக்கத்து இருக்கையில் இல்போ தானாகவே வந்து ஏறிக்கொண்டான்.

முதல் வீட்டில் கதவைத் திறந்தவன் எஸ்கோ. இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் ஆவி.

“சவுனாவ அணை, எஸ்கோ. பம்ப் நின்னு போச்சு.”

“பொறந்ததுலேர்ந்து மொத தடவையா குளிக்கறதுக்குச் சம்பளம் தர்றான். நீ வந்து அணைக்கச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

“போன வருஷம் உன் மக சேத்துல சறுக்கிட்டு அழுதாளே, அப்ப எங்க போச்சு உன் மனசாட்சி?”

எஸ்கோ தலையைச் சொறிந்தான். “பாதி குளிச்சிட்டு எப்படிம்மா வர்றது? உடம்பு நடுங்காதா?”

அப்போதுதான் இல்போ தொண்டையைச் செருமினான். ஏரிக்கரையில் அவனுக்கு விறகில் எரியும் பெரிய சவுனா ஒன்று உண்டு. அவன் அப்பா கட்டியது. அடுத்தவன் உள்ளே வந்தால் உட்காரும் பலகை அழுக்காகும் என்று சொந்தத் தம்பியைக்கூட விட்டதில்லை.

“என் சவுனாவுக்கு மின்சாரம் வேணாம்,” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே. “குன்று வேலை முடிஞ்சதும் எல்லாரும் அங்க வாங்க. விறகு நான் போடறேன்.”

துவோவி அவனை உற்றுப் பார்த்தாள். “ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டியா?”

“பேசாம வண்டிய எடு.”

சேதி வீடுவீடாகப் பரவியது. குன்றைவிட, இல்போவின் சவுனாவை உள்ளே போய்ப் பார்க்கும் ஆசையில்தான் பாதிப் பேர் ஸ்விட்சை அணைத்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருண்டன. தலையில் இன்னும் ஆவி பறக்க, கையில் மண்வெட்டியோடு ஆட்கள் குன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். உறையத் தொடங்கியிருந்த குழாய் முனைகளை என்சியோ வெந்நீர் ஊற்றி மீட்டிருந்தான். துவோவி மறுபடி கைப்பிடியைத் தள்ளினாள். விளக்குகள் பளீரென்றன. பீரங்கிகள் முழங்கியபோது எழுந்த கூச்சலில் காட்டு நாய்கூட ஓடியிருக்கும்.

அன்று இரவு இல்போவின் சவுனாவில் நிற்க இடமில்லை. பெண்கள் ஒரு சுற்று, ஆண்கள் ஒரு சுற்று. வெளியே தீயில் சுட்ட தொத்திறைச்சியைக் கடுகுச் சாந்தில் தோய்த்துத் தின்றார்கள். பலகை அழுக்காகத்தான் செய்தது. இல்போ அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினான்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை குன்றைத் திறந்தார்கள். சுற்றுப்பட்டில் வேறெந்தக் குன்றும் அப்போது வெளுக்கவில்லை. நாலு ஊர் பிள்ளைகள் வந்து மொய்த்தார்கள்.

ஜனவரி பிறந்ததும் சந்தை தன் மறுமுகத்தைக் காட்டியது. கடுங்குளிரில் ஒரு நாள் விலை, போன வருடத்தையும் தூக்கிச் சாப்பிடும் உயரத்துக்குப் போனது. சறுக்குபவர்களைக் குன்றின் உச்சிக்கு இழுத்துப் போகும் லிஃப்டைத் துவோவி நிறுத்தினாள். பனி ஏற்கெனவே கிடந்ததால், சறுக்க வந்தவர்கள் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே ஏறினார்கள்.

“இப்பவாவது நிலையான விலைக்குப் போலாமா?” என்று மூச்சு வாங்கக் கேட்டான் எஸ்கோ.

துவோவி வாயைத் திறப்பதற்குள் இல்போ முந்திக்கொண்டான். “ஏறுப்பா, உடம்புக்கு நல்லது,” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து நாளைய விலையைப் பார்த்தான்.