டொரதி மிஸ்ஸைக் கொல்ல வருபவர்கள்

"ஓங்குங்க. இன்னும் ஒசரமா. என்னையக் கொல்ல வந்திருக்கீங்க, கொசு அடிக்க இல்ல!"

குடையோடு நிற்பவர் காணி உறுதிப் பத்திரம் எழுத வந்த பிலிமத்தலாவைக் கடைக்காரர். எதிரே, பைல் அட்டையைக் கேடயமாகப் பிடித்தபடி சட்டத்தரணி டொரதி. கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள அவரது அலுவலகத்துக்கு வருகிற எவரும் ஒரு தடவையாவது அவரைக் கொல்ல முயலாமல் வெளியேற முடியாது. நானும் முயன்றிருக்கிறேன். "ஒங்களுக்கு வராது" என்று குடையைப் பிடுங்கிக்கொண்டார்.

கொலை வழக்கென்றால் மிஸ்ஸுக்கு நடித்துப் பார்த்தாக வேண்டும். "உசுரு போயிரும்னு நியாயமா பயந்து திருப்பி அடிச்சா, ஆள் செத்தாலும் குத்தமில்ல. பயம் போனப்பொறகு அடிச்சா அது கோவம். கோவத்துக்கு மறியல்தான், கம்பி எண்ணணும்." வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டார், கொலைக்கு மட்டும் விரதமில்லை.

இப்போதைய வழக்கு மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து வடிவம்மாவுடையது. (பெயரை மாற்றியிருக்கிறேன், கத்தியை மாற்றவில்லை.) குடிவெறியில் அலவாங்குக் கடப்பாரையோடு அவரது லய வீட்டுக் காம்பராவுக்குள் பாய்ந்த கொழுந்தனைக் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் இரண்டு முறை வெட்டினார். முதல் வெட்டுக்குப் பிறகும் அவன் நின்றான், அலவாங்கை ஓங்கினான். இரண்டாவதில்தான் விழுந்தான். பார்த்தவர் வேறு யாருமில்லை. விழுந்தவனை வெட்டினார் என்றாகிவிட்டால் தற்காப்பும் போச்சு, வடிவம்மாவும் போச்சு.

என் வேலித் தகராறு மூலையில் காத்திருக்க, மிஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்த்தரப்பு அரச சட்டத்தரணியாக மாறினார்.

"அவன் விழுந்தப்பொறகுதானே மறுபடி வெட்டுனீங்க?"

"ஆமாங்க" என்றார் எதிரே நின்ற வடிவம்மா.

"ஏம்மா! நின்னான்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க மிஸ், நின்னான்."

"அப்ப ஏன் ஆமாங்குறீங்க?"

"கதிரையில இருக்கவங்க கேக்குறப்ப இல்லைன்னு எப்புடிங்க சொல்றது?"

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, கிளாக்கர், துரை என்று கதிரைக்காரர் எல்லோருக்கும் ஆமாம் போட்டே தேய்ந்த நாக்கு. அந்த நாக்கு நாளை மறுநாள் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டும்.

மிஸ் எழுந்தார். முழங்கால் வலிக்காரர். "யேசுவே" என்றபடி மேசைக் காலைப் பிடித்துச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். வடிவம்மா பதறிப்போய்த் தானும் குந்தினார்.

"அவன் விழுந்தப்பொறகுதானே வெட்டுனீங்க?"

வடிவம்மா அவர் கண்ணையே பார்த்தார். "இல்லைங்க. நின்னான். ஓங்குனான்."

மிஸ் முக்காலியை இழுத்துப்போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டார்.

"இல்லைங்க." குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

இனிக் கதிரைதான் பாக்கி. மிஸ் கதிரையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல எழும்பினார்.