இரண்டு இடத்தில் இருந்தால் நிறுத்து

கிருஷ்ணப்பன் என் தம்பி மகன். அவன் அம்மா நாராயணம்மாவை நாட்றாம்பாளையத்திலிருந்து பேரிகைக்குக் கட்டிக்கொண்டு வந்தோம். எங்கள் வகையறாவில் பத்தாவது தேறிய முதல் ஆள் அவன்தான். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. அவன் வேலையை எனக்கு விளங்கின மட்டுக்கும் சொல்கிறேன்.

ஓசூரில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷின்கள் நாலு. ஒவ்வொன்றின் மேலேயும், இப்படிச் செய், இப்படிச் செய்யாதே என்று ஒரு தாள் தொங்கும். அதை டைப் அடித்து, மாற்றம் வந்தால் திருத்தி மாட்டுவது பதினெட்டு வருஷமாக அவன் வேலை. மாட்டும் முன் அந்த மெஷினில் நிற்கிறவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வான். படிக்கிறவர் முகம் சுளித்தால் தாளைத் திரும்பக் கொண்டுபோவான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனாகப் பிடித்துக்கொண்ட பழக்கம்.

போன வருஷம் ஏ.ஐ. ஏஜென்ட் என்று, கம்ப்யூட்டரில் தானாக வேலை பார்க்கிற ஒன்று வந்தது. இன்ஜினியர் மெயில் அனுப்பினால் அதுவே தாளைத் திருத்தும். திருத்த அதற்கு ஒரு கருவி உண்டு. பழைய வரியையும் புது வரியையும் கொடுத்தால் தேடிப் பிடித்து மாற்றிவிடும். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜென்ட்டுக்கு எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். மேனேஜர் சௌந்தரராஜன் இவனைக் கூப்பிட்டார்.

"தாளுங்க சங்கதி உங்களுக்குத்தான் தெரியும் கிருஷ்ணப்பா. அதுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க."

"எழுதிட்டா எனக்கு என்னா வேலைங்க சார்?"

"அது சரியா ஓடற வரைக்கும் நீங்க இருக்கணும். அப்புறம் என் கையில இல்ல."

அரைப் பக்கம் எழுதினான். நம் ஊர் ஆளுக்குச் சொல்வது போல எழுதிவிட்டான். பழைய வரியைக் கொடு, புது வரியைக் கொடு, அவ்வளவுதான். மெஷினில் நிற்கிறவரைப் போய்க் கேட்பதை எழுதவில்லை. அதெல்லாம் எழுத வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

நாலாம் மெஷினில், கை நுழைந்தால் தானாக நிற்கிற சென்சார் மாட்டினார்கள். அந்தத் தாளில் மட்டும் 'துண்டை இடுக்கியால் எடு' என்பது 'கையால் எடு' என்று மாற வேண்டும். நாலு தாளும் ஒரே ஃபைலில் இருந்தன, நாலிலும் அதே வரி. கருவி முதலில் கண்ட வரியை மாற்றியது. அது ஒன்றாம் மெஷினின் தாள். அங்கே சென்சார் கிடையாது.

அந்த மெஷினில் நிற்பது கிருஷ்ணப்பனின் அக்கா மகள் மாதேஸ்வரி. தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னா மாமா, உங்க ஏஜென்ட்டுக்கு என் விரலு மேல ஒரு கண்ணு போல?"

அவன் தாளை வாங்கிப் படித்தான். "நீ கையால எடுத்தியா?"

"ஆறு வருசமா நிக்கறன், நான் எடுப்பனா? திங்கக்கெழம புதுசா சேந்த பொண்ணு எடுக்கப் போச்சு. நாந்தான் கையத் தட்டிவுட்டன்."

சௌந்தரராஜன் திட்டவில்லை. "இது சரியாகற வரைக்கும் உங்கள அனுப்ப முடியாது. இருந்து பாத்துக்கங்க" என்றார். இவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்கு வந்து என்னிடம் சொன்னான். நான் சொன்னேன், "அப்படியே வுட்டுடுடா. அதுல ஓட்ட இருக்கற வரைக்கும் உனக்கு வேல இருக்கும்." இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"பகல்ல நான் பாப்பன் பெரியப்பா. மத்த ரெண்டு ஷிப்ட்ட யார் பாக்கறது? இப்பக்கூட எதையோ திருத்திக்கிட்டுதான் இருக்கும்." களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

மறுபடி எழுதினான், மூன்று பக்கம். பழைய வரியைத் தனியாகக் கொடுக்காதே, மெஷின் எண்ணையும் மேல் வரி கீழ் வரியையும் சேர்த்துக் கொடு. அதே வரி இரண்டு இடத்தில் இருந்தால் எதையும் மாற்றாதே, நிறுத்து, சூப்பர்வைசரைக் கேள். அவர் மெஷின் பக்கத்தில் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். மாற்றிய பிறகு முழுத் தாளையும் படித்துப் பார். ஒவ்வொன்றுக்கும் கீழே காரணமும் எழுதினான், விரல் போகும் என்பது உட்பட.

ஒரு மாதம் சோதித்தார்கள். ஒரு தப்பும் வரவில்லை. "இவ்ளோ தெளிவா யாரும் எழுதினதில்ல" என்று சௌந்தரராஜன் கைகொடுத்தார். அந்த மாதக் கடைசியில் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஐம்பத்தொரு வயசு. ஏறி இறங்கின கம்பெனிகளிலெல்லாம் அதே ஏஜென்ட் இருந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனியில் கூடை ஏற்றினான். சீசன் முடிந்ததும் அதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி அவனைப் பார்க்க வந்தாள். நானும் இருந்தேன்.

"நீங்க எழுதினாப்லயே நிறுத்திக் கேக்குது மாமா. சூப்பர்வைசரு கேன்டீன்ல டீயக் குடிச்சிக்கிட்டே போன்ல சரின்னு அழுத்திட்றாரு."

"மெஷினாண்ட போய்ப் பாக்கணும்னு எழுதியிருக்கனே?"

"அத ஏஜென்ட்டுதான் படிக்குது. அவரு எங்க படிக்கறாரு?"

"ஒன்னாம் மெஷின் தாளு?"

"போன வாரம் மறுபடி 'கையால் எடு'ன்னு மாறிடுச்சி. நான் கழட்டிக் குடுத்தன், திரும்ப அதையேதான் மாட்டினாங்க. நான் இடுக்கிய வுட மாட்டன் மாமா. ஆனா நாளையிலருந்து எனக்கு ரெண்டாம் ஷிப்ட்டு."

அங்கே புது ஆட்கள் சேர்வது எப்போதும் திங்கட்கிழமை, முதல் ஷிப்ட்டில்.